சல்லடை ஐயாவின் கேள்வி

"கடவுள் கூப்பிட்ட மாதிரி ஒரு கனவு கண்டேன்னு சொல்லிடு. பெரிய வெளிச்சம், நடுவுல ஒரு குரல். யாரு வந்து சரிபார்க்கப் போறாங்க?" என்றான் கணவன், ஸ்கூட்டரை நிறுத்தியபடி.

"முதல் நாளே பொய் சொல்லிட்டு ஊழியத்துக்குப் போகச் சொல்றீங்களா?"

"சரி தாயே, உன் இஷ்டம். உள்ள அந்தச் சல்லடை ஐயா இருக்காராம். பார்த்துப் பேசு."

இறையியல் கல்லூரி வட்டாரத்தில் அந்தப் பட்டப்பெயரைக் கேள்விப்படாதவர்கள் இல்லை. ஓய்வுபெற்ற போதகர். போதகர் படிப்புக்கு ஆள் எடுக்கும் குழுவில் வருஷா வருஷம் உட்காருவார். வருகிறவர்களை ஒரே கேள்வியில் சலித்துத் தள்ளிவிடுவார் என்று பேச்சு.

அவளோ நாற்பதை நெருங்கும் வயதில், நர்ஸ் வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாம் என்று வந்திருக்கிறாள்.

நேர்காணலுக்கு அவளுக்கு முன்னால் உள்ளே போன இளைஞன் வெளியே வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன தம்பி ஆச்சு?"

"நான் அம்மா வயித்துல இருக்கும்போதே, இவன் ஊழியத்துக்குத்தான்னு ஒருத்தர் சொன்னாராம்க்கா. அதைச் சொன்னேன். 'சரி, அது உங்கம்மாவுக்கு வந்த அழைப்பு. உனக்கு எப்போ வந்துது'ன்னு கேட்டுட்டாரு."

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வரும் ஒரு பேராசிரியையும் படிப்பு, குடும்பம் என்று சுமுகமாகவே கேட்டார்கள். ஓரத்தில் இருந்த பெரியவர்தான் சல்லடை ஐயா. கடைசியில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கடவுள் உங்களை அழைச்சார்னு எப்படித் தெரிஞ்சுதும்மா?"

வெளிச்சமும் குரலும் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிக்கொண்டாள்.

"டயாலிசிஸ் வார்டுல வேலை ஐயா. மெஷின் ஓடி முடியற வரைக்கும் படுத்தே இருப்பாங்க. பொழுது போகாம பேசுவாங்க. திடீர்னு, 'செத்தா என்ன ஆகும் சிஸ்டர்'னு கேப்பாங்க. எனக்குப் பதில் தெரியாது. ஆனா எழுந்து போகவும் மனசு வராது. கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவேன்."

"அதான் அழைப்பா?"

"தெரியலை ஐயா."

"குரல் ஏதாவது?"

"இல்லை."

"கனவு? பைபிள் வசனம்?"

"ஒண்ணும் இல்லை."

"அப்போ எந்தத் தைரியத்துல வேலையை விடறீங்க?"

"அதுவும் தெரியலை ஐயா."

பெரியவர் அவளையே பார்த்தார். பிறகு, "போகலாம்" என்றார்.

அவ்வளவுதான். எல்லாம் புட்டுக்கொண்டது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். கணவனுக்கு என்ன சொல்வது? ஒரு கனவு, ஒரே ஒரு கனவு கண்டு தொலைத்திருக்கக் கூடாதா?

கொஞ்ச நேரத்தில் பெரியவர் தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். மாத்திரை அட்டையோடு போராடிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து போய், வாங்கிப் பிரித்துக் கொடுத்தாள்.

மாத்திரையை விழுங்கிவிட்டு, "உங்களை எடுத்தாச்சு" என்றார். "அவங்க ரெண்டு பேரும் யோசிச்சாங்க. நான்தான் விடலை."

அவளுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"நான்தான் ஒண்ணுமே சொல்லலையே ஐயா! சரியான பதில்தான் என்ன? அதையாவது சொல்லுங்க."

"எனக்கும் தெரியாதும்மா."

"ஐயா?"

"இத்தனை வருஷம் ஊழியம் செஞ்சாச்சு. எத்தனையோ பேர் சாகும்போது பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். எனக்கு எந்தக் குரலும் கேட்டதில்லை."

"அப்புறம் ஏன் வர்றவங்களை எல்லாம் அதே கேள்வியைக் கேட்டு வறுத்தெடுக்கறீங்க?"

பெரியவர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாராவது ஒருத்தராவது சரியாச் சொல்லிட்டா, என்னை அழைச்சாரா இல்லையான்னு நானும் தெரிஞ்சுக்கலாமேன்னுதான்."