பத்து ரவுண்டு

"மாடிப்படி ஏற முடியல மேடம். முட்டி ரெண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கு. தினமும் நான்தான் ஒத்தடம் கொடுக்கிறேன்," என்றார் கல்லூரி முதல்வரின் அறைக்கு வந்த ஓர் அம்மா.

"வாலிபால் டீமா?"

"ஆமா. சர்வீஸ் வலையில பட்டா கோர்ட்டைச் சுத்திப் பத்து ரவுண்டாம்!"

எந்த வகுப்பு என்றுகூடக் கேட்காமல் முதல்வர் கோச்சை வரவழைத்தார். கழுத்தில் விசிலோடு வந்தவர், அந்த அம்மாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாணவிகளை ஓடவிட்டுத் தண்டிக்கக் கூடாதுன்னு போன மாசமே சுற்றறிக்கை அனுப்பினேனே! இன்னொரு புகார் வந்தா வேலை போயிடும்னும் சொன்னேன்."

"அன்னையிலேர்ந்து ஒரு பொண்ணும் ஓடல மேடம்."

"அப்போ இவங்க பொண்ணோட முட்டி?"

"எனக்கேது பொண்ணு?" என்றார் அந்த அம்மா. "ஓடுறது இதோ நிக்கிற என் வீட்டுக்காரர்தான்! ஐம்பத்தெட்டு வயசுல இவர் பண்ற கூத்தைப் பாருங்க!"

கோச் பொறுமையாக விளக்கினார். "தப்பு நடந்தா யாராவது ஓடணும் இல்லையா மேடம்? அதான் நானே ஓடினேன். முதல் நாள் எழுபது ரவுண்டு. பார்க்கப் பொறுக்காம பொண்ணுங்க தாங்களாவே கூடுதலா பழகினாங்க. இந்த வாரம் ஒரு சர்வீஸ்கூட வலையில படல."

"அப்போ நேத்து எதுக்கு நொண்டிக்கிட்டு வந்தீங்க?" என்றார் மனைவி.

"நேத்து நான் பயிற்சிக்கு ரெண்டு நிமிஷம் லேட். நிமிஷத்துக்கு அஞ்சு ரவுண்டு."

கோச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவும் பத்து நிமிஷம் லேட். ஆனா என்னைக் கூப்பிட்டது நீங்கதானே மேடம்?"

முதல்வர் தன் கால்களை மெல்ல மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார்.