வரவேற்காத கதவு

எட்வினின் வீட்டு வாசற்கதவு அன்று காலை உள்ளேயிருந்தும் திறக்கவில்லை, வெளியேயிருந்தும் திறக்கவில்லை. வெளியே பட்டு வேட்டியோடு வினுகுமார் நின்றான். உள்ளே எட்வினின் மகன் ஜெனிஷ் தவித்தான். பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில், புதுச் சட்டப்படி, இவர்கள் இருவருக்கும் கல்யாணம். அப்பா எட்வின் மட்டும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

ஜெனிஷ் கதவுக் கம்பெனிக்குப் போன் செய்து விவரம் கேட்டான். அந்தக் கதவு முதலில், கம்பெனி விளம்பரத்தில் வரும் கிரிக்கெட் வீரர் ஜெரால்டின் குரலில் வரவேற்கும். வரவேற்று முடித்த பிறகுதான் தாழ்ப்பாளை விடும். ஆணும் ஆணும் கட்டிக்கொள்வது வேதத்துக்கு விரோதம் என்று முந்தின நாள் ஜெபக்கூட்டத்தில் ஜெரால்ட் பேசிவிட்டார். கம்பெனி அவரை விளம்பரத்திலிருந்து நீக்கியது. எல்லாக் கதவுகளிலிருந்தும் அவர் குரல் போய்விட்டது.

"அவரு சொன்னதுல என்னடே தப்பு?" என்றார் எட்வின்.

"தப்போ சரியோ, உங்க ஆளால நான் உள்ள கெடக்கேன்பா."

"இப்ப என்ன செய்யணுமாம்?"

"புதுக் குரல் நாளைக்குத்தான் வருமாம். அதுவரைக்கும் வீட்டுக்காரர் வரவேத்தாப் போதுமாம். வீடு உங்க பேர்லதான இருக்கு."

வெளியிலிருந்து வினுகுமார் சொன்னான்: "மனசுல இருந்து வேண்டாம் மாமா. வாயால சொன்னாப் போதும்."

எட்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொண்டையைச் செருமி, "வாங்க" என்றார். கதவு அசையவில்லை.

"யாரைக் கூப்பிடுறீங்கன்னு அதுக்குத் தெரியணும்பா. முறை சொல்லிக் கூப்பிடுங்க."

எட்வின் மகனைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்து, "வாங்க மாப்ளே" என்றார். தாழ்ப்பாள் விலகிக் கதவு திறந்தது.