பத்து நாள் மேனேஜர்

பெட்டியைத் திறந்து பார்த்ததும் பன்னீர்செல்வத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. உள்ளே நூறு விசிட்டிங் கார்டு. கெட்டி அட்டை, தங்க எழுத்து: 'சோலைமுத்து, மேனேஜர்.'

வளைகுடாவில், முசஃபாவில் இருந்த கலீல் ரஹ்மானின் ஹார்டுவேர் கடைக்கு இதுவரை மேனேஜர் என்று ஒருவர் இருந்ததில்லை. அப்படி ஒரு நாற்காலி என்றைக்காவது வந்தால் அது தனக்குத்தான் என்று பதின்மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவர் சூப்பர்வைசர் பன்னீர்செல்வம். சோலைமுத்துவோ சிமென்ட் மூட்டை தூக்குகிறவர். அதுவும் இன்னும் பத்தே நாளில் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறவர்.

வெளியே லாரி டிரைவர் அஸ்கர் அலி, "மேனேஜர் சாப், இந்த மூட்டையை ஒரு கை புடிங்க" என்று சிரித்துக்கொண்டிருந்தான். மேனேஜரும் வெட்கத்தோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியோடு நேரே முதலாளி அறைக்குப் போனார் பன்னீர்செல்வம்.

"பாய், இது அச்சாபீஸ்காரன் தப்பா, நம்ம தப்பா?"

தப்பே இல்லை, அடிக்கச் சொன்னதே நான்தான் என்றார் கலீல். கிளம்புகிற வரைக்கும் எல்லாரும் அவரை மேனேஜர் என்றே கூப்பிட வேண்டுமாம். கடைச் சாவிகூட அவரிடம்தானாம்.

பன்னீர்செல்வம் படித்த மனிதர். கோபம் வந்தால் மற்றவர்கள் கெட்ட வார்த்தை பேசுவார்கள்; இவர் சரித்திரம் பேசுவார். மகள் நாகஜோதியின் பள்ளி ப்ராஜெக்டுக்காகப் போன வாரம் படித்தது வேறு நாக்கில் சுடச்சுட இருந்தது. அமெரிக்காவில் எலிஹு வாஷ்பர்ன் என்று ஓர் அரசியல்வாதி. 1869-ல் கிரான்ட் ஜனாதிபதியானதும், தன்னைத் தூக்கிவிட்ட ஊர்க்காரர் என்று இவரை வெளியுறவு மந்திரி ஆக்கினார். பன்னிரண்டு நாளைக்கு மேல் அந்தப் பதவி நீடிக்கவில்லை. பிரான்சுக்குத் தூதராகப் போகிறவருக்கு ஒரு கௌரவம் வேண்டும், அதற்காகத்தான் அந்த மந்திரிப் பட்டம்.

"அந்த ஆளாவது பன்னிரண்டு நாள், பாய். இது பத்து நாள். வேண்டியவங்களுக்குப் பதவியைத் தூக்கிக் கொடுத்தா, உழைச்சவன் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?"

கலீல் சாயாவை ஒரு வாய் உறிஞ்சினார். "பிரான்சுக்குப் போயி அந்த ஆளு என்ன செஞ்சாரு?"

பன்னீர்செல்வத்துக்குச் சங்கடமாகிவிட்டது. தெரிந்ததை மறைத்துப் பழக்கமில்லை. பாரிஸை ஜெர்மன் படை முற்றுகையிட்டபோது மற்றப் பெரிய நாட்டுத் தூதர்கள் கிளம்பிவிட்டார்கள், அவர் கிளம்பவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட ஜெர்மன்காரர்களுக்குக்கூட அவர்தான் சோறு போட்டார் என்று முணுமுணுத்தார்.

"அது வேற விஷயம், பாய்."

மேற்கொண்டு வாதாட விருப்பமில்லை. மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, நின்றபடியே ராஜினாமாக் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

கலீல் தடுக்கவில்லை.

"எழுது பன்னீரு. ஆனா ஒண்ணு கேட்டுட்டு எழுது. சொல்லக் கூடாதுன்னு சோலைமுத்து சத்தியம் வாங்கியிருக்காரு, பரவாயில்ல. நீ வேலைக்குச் சேர்ந்தப்ப கடைக்கு ஒரே ஒரு சூப்பர்வைசர் விசாதான் கிடைச்சுச்சு. அப்ப அது இருந்தாத்தான் குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியும், லேபர் விசாவுல முடியாது. பழைய ஆளாச்சேன்னு அதைச் சோலைமுத்து பேருக்குத்தான் எழுதி வச்சிருந்தேன்."

பேனா நின்றது.

"'பன்னீரு பொண்டாட்டி மாசமா இருக்கு பாய், அவன் பேருக்கு மாத்திருங்க'ன்னு அவருதான் இந்த இடத்துல வந்து நின்னாரு. அவரு பொண்டாட்டி ராக்கம்மா இன்னிவரைக்கும் இந்த ஊரைப் பார்த்ததில்ல."