நடைச்சீட்டு

ஆரம்ப சுகாதார நிலையம் கொடுத்த நடைச்சீட்டு இருப்பதால்தான் மாலை ஐந்து மணிக்கு ஜெபராஜின் கிரேன் கூண்டுக் கதவு தானாகத் திறந்தது. மற்ற ஓட்டுநர்களுக்கு இரவு பத்துக்குத்தான் திறக்கும். பத்து வயது மகள் பியூலாவின் எடை குறையும்வரை தினமும் அவளோடு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. அதற்கு முன்பெல்லாம் தூங்குகிற மகளைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அவளுக்கு இவ்வளவு அழகாக விசிலடிக்க வரும் என்பதே இந்த எட்டு மாதத்தில்தான் தெரிந்தது.

"முப்பத்தெட்டு கிலோவுக்கு வந்திருந்தா இன்னைக்கே சீட்டை முடிச்சிரலாம் சார்," என்று சிரித்துக்கொண்டே சுகாதார நிலைய நர்ஸ் எடை இயந்திரத்தைத் துடைக்க உள்ளே போனார்.

வெளியே பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியூலா எழுந்தாள். அவள் கவுன் பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. ஜெபராஜ் தொட்டுப் பார்த்தார். நடக்கும்போது இருவரும் சேர்ந்து பொறுக்கிய கற்கள்.

"என்னட்டி இது?"

"நாளைக்கும் வருவியளாப்பா?"

உள்ளேயிருந்து நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஜெபராஜ் இடுப்பில் செருகியிருந்த பெரிய ஸ்பேனரை உருவி மகளின் இன்னொரு பைக்குள் போட்டார்.

"ஆடாம நில்லு, என்னா," என்றார்.