வியாழக்கிழமை அட்டை

"யூஜீனியாக்கா, உங்கட சம்மந்தி பாதர்ட அறைவீட்டுக்குப் போறா. கையில உங்கட மகள்ட ஆஸ்பத்திரி அட்டை!"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மாக்கிறட் சொன்னதும், யூஜீனியா வெட்டிக்கொண்டிருந்த மீனை அப்படியே சட்டிக்குள் போட்டாள்.

"அவள்ட அட்டை எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வியாழக்கிழமையில ஷானிகா பஸ்ஸுக்குக் கொண்டு போற அதே மஞ்சள் அட்டைதான். ஏன், மாமிக்கும் மருமகளுக்கும் சண்டையா?"

யூஜீனியா மீன் சட்டியை மூடினாள். கையைக் கழுவினாள், குடையை எடுத்தாள், நடந்தாள்.

ஷானிகா, சம்மந்தி டொறத்தியின் மகன் கிளைட்டனைக் கட்டிப் பத்து மாதம். மூன்றாம் மாதமே தாயிடம் வந்து அழுதாள்.

"அம்மா, அவரோட சேர ஏலாம இருக்கு. உயிர் போற நோ."

"எல்லாருக்கும் அப்பிடித்தான். பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு. ஒரு புள்ளை கிடைச்சா சரியாகிடும்."

அப்படிச் சொல்லிவிட்டு, தலவிலைக் கோயிலுக்குப் போய் புனித அன்னம்மாவுக்கு ஒரு நேர்த்தியும் வைத்துவிட்டு வந்தாள் யூஜீனியா.

மகள் அதோடு நிற்கவில்லை. புத்தளம் ஆஸ்பத்திரியில் டொக்டரைக் கண்டு, அவர் பிசியோதெரபி மிஸ்ஸிடம் அனுப்பி, இப்போது வியாழக்கிழமை தவறாமல் போகிறாள். "எவ்வளவோ பரவாயில்லை அம்மா" என்று போன கிழமைதான் சொன்னாள்.

"மாமிக்கு மட்டும் சொல்லிராத. முதுகு நோ எண்டு சொல்லு" என்று யூஜீனியா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஷானிகா அதற்குச் சிரிக்க மட்டும் செய்தாள்.

புருசன் பெண்சாதி சேராத கலியாணத்தைக் கோயிலே முறித்துவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து யூஜீனியாவுக்கு நித்திரை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பாதரைப் பிடித்து மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதுமாம்.

கோயிலை ஒட்டிப் பாதர் தங்கியிருக்கும் அறைவீட்டின் வாசலை மிதிக்க முன்னமே டொறத்தியின் குரல் கேட்டது. மீன் வாடியில் கத்திப் பழகிய குரல்.

"இதைக் கலியாணத்துக்கு முதலே சொல்லியிருக்கணும் பாதர். மறைச்சிட்டாங்க!"

யூஜீனியா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

"ஐயோ சம்மந்தி, நான் ஒண்டையும் மறைக்கல்ல! எனக்கும் பிறகுதான் தெரியும். என்ட புள்ளையைத் தள்ளி வைச்சிராதீங்க. அவளுக்கு இப்ப சுகம் வந்துகிட்டு..."

"உங்கட மகளுக்கு முதுகு நோ" என்று டொறத்தி வெட்டினாள். கண்ணாலும் ஒரு அதட்டு அதட்டினாள். "அதைப் பற்றி பாதருக்கு என்னத்துக்கு? அந்தக் கதிரையில இருங்க."

யூஜீனியா இருந்தாள்.

"மறைச்சது எண்டு நான் சொன்னது நம்ம எல்லாரையும்தான்" என்று டொறத்தி பாதர் பக்கம் திரும்பினாள். "கலியாண வகுப்புல எல்லாம் சொல்லிக் குடுக்கிறீங்க. செபம், பொறுமை, குடியை விடுறது. புருசனோட இருக்கிறப்ப நொந்தா அது ஒரு வருத்தம், அதைச் சுகமாக்க ஆஸ்பத்திரியில ஆள் இருக்கு எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லல்ல."

இளம் பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடிவயித்துக்குக் கீழ சதை இருக்கு பாதர். பயத்துலயும் நோவுலயும் அது இறுகிப் போகுதாம். மூச்சை இழுத்து விட்டு, கொஞ்சம் கொஞ்சமா அதைத் தளர்த்தப் பழக்குறாங்க. மாசக்கணக்கில விடாமச் செய்யணும். நேர்த்தி மட்டும் வைச்சா தளராது."

யூஜீனியா நிலத்தைப் பார்த்தாள்.

"அந்த மிஸ்ஸை அடுத்த வகுப்புக்குக் கூப்பிடுங்க. வருவா. நான் கேட்டிட்டன்."

"கூப்பிடலாம்" என்றார் பாதர் மெதுவாக. "ஆனா சனம் சும்மா இருக்குமா? இந்த ஊருல ஆர் அங்க போறது எண்டு துருவுவாங்க. ஒரு சின்னப் புள்ளைட பேர் கெட்டுப் போகும்."

"என்ட பேரைச் சொல்லுங்க."

"மருமகளைக் காப்பாத்த நீங்க பொய் சொல்லணுமா?"

டொறத்தி மஞ்சள் அட்டையை மேசையில் வைத்தாள். "வாசிங்க."

யூஜீனியாவும் எட்டிப் பார்த்தாள். பெயர்: டொறத்தி. வயது: 54. கீழே ஆறு வியாழக்கிழமைக்கு ஆறு கையெழுத்து.

"முப்பத்தொரு வருசம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தன் பாதர். புள்ளை கிடைச்சா மாறும் எண்டாங்க. கிளைட்டன் பிறந்தும் மாறல்ல. இனி எந்தப் புள்ளையும் அப்பிடி இருக்கத் தேவையில்ல."

பாதர் நாட்குறிப்பைத் திறந்து வகுப்புத் திகதியைத் தேடினார்.

வெளியே வந்ததும் யூஜீனியா டொறத்தியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சம்மந்தி... உங்களை ஆர் அங்க கூட்டிப் போனது?"

டொறத்தி குடையை விரித்து, தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

"நான்தான் கூட்டிப் போனன். உங்கட மகளை. தாய்க்குச் சொல்லிச் சரிவரல்ல எண்டு என்னட்ட வந்து அழுதா. போய் ஆஸ்பத்திரி வாங்குல பக்கத்துல பக்கத்துல குந்தியிருந்தம். அவட முறை வந்தது. எழும்பினவ, என்ட முகத்தைப் பார்த்திட்டுத் திரும்பவும் பக்கத்துல இருந்தா. காதுக்குள்ள கேட்டா: 'மாமி, உங்களுக்கும் ஒரு அட்டை எடுப்பமா?'"