மிஞ்சிய ஒரு பதிவு

மடிக்கணினியில் அந்த நிரலைத் திறந்து பார்த்தபோதுதான் அவளுக்குத் தவறு தெரிந்தது. கணவர் பேசிய நூற்றுக்கணக்கான வாக்கியங்களை 'குரல்1', 'குரல்2' என்று தானாகவே பெயரிட்டுச் சேமிக்க அவளே எழுதிய நிரல் அது. அதில் ஒவ்வொரு பதிவுக்கும் எண்ணை ஒன்று கூட்டும் வரியை விட்டிருந்தாள். எல்லாம் ஒரே பெயரில் விழுந்து, ஒன்றையொன்று அழித்து, கடைசிப் பதிவு மட்டும் மிஞ்சியிருந்தது.

"எல்லாம் போச்சுங்க! பாவி, நானே அழிச்சுட்டேன்!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"இனிமே எப்படிங்க பதியறது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். புற்றுநோய் வந்த அவருடைய குரல்வளையைப் போன வாரம்தான் எடுத்திருந்தார்கள். அந்தப் பதிவுகளைக் கொண்டுதான் கணினி அவருக்காகப் பேசுவதாக இருந்தது.

மடிக்கணினியை இழுத்து, மிஞ்சியதை ஓடவிட்டார். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், "இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க" என்று அவள் விசும்பியபோது அவர் சொன்னது அது.

"போதும்மா, அழாதே. நான் இருக்கேன்ல."