ஆண்டிமடத்துக்காரி கேட்ட கேள்வி

அரியலூர்ப் பூங்காவில் மரங்களைப் பார்த்தபடி நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். விளக்கம் சொல்லும் பிரவீணாவுக்கு வேலையில் முதல் நாள். முந்திரி மரத்தடியில் பேச்சு வராமல் நின்றாள்.

"இது என்ன மரம்ங்க?" என்று கேட்டார் கூட்டத்திலிருந்த ஒரு அம்மாள். பிரவீணா மெல்லச் சொல்லத் தொடங்கினாள்.

கூட்டத்தோடு வந்திருந்த நடராசனுக்கு எரிச்சல். "முந்திரி தெரியாதா? எந்த ஊரும்மா நீங்க?"

"ஆண்டிமடம்ங்க."

ஊரைச் சுற்றி முந்திரிக்காடு! எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அங்கிருந்து நகரும்போது பிரவீணா அந்த அம்மாளிடம் கிசுகிசுத்தது நடராசன் காதில் விழுந்தது.

"முந்திரிக்கொட்டை உடைச்சே என்னப் படிக்க வச்சே. ஒனக்காம்மா தெரியாது?"

"நீ வாயடைச்சு நின்னியே, அதான் கேட்டேன்."

அடுத்த மரத்தடியில் பிரவீணா மறுபடியும் திணறினாள். நடராசன் கையைத் தூக்கினார்.

"ஏம்மா, இது என்ன மரம்?"

அது வேப்பமரம்.